மரக்கால் யார் கையில்?

நெல்லுக்கு மரக்கால், எண்ணெய்க்குப் படி, துணிக்குக் கோல், பொன்னுக்குத் தராசு! சரக்குக்கேற்ற அளவை என்பது சந்தை தோன்றிய நாளிலேயே தோன்றிவிட்டது. அளவை தோன்றிய மறுநாளே கள்ள அளவையும் தோன்றிவிட்டது! அடியில் மெழுகு ஒட்டிய மரக்கால், உட்புறம் குடைந்த எடைக்கல், கண்ணிமைக்கும் நேரத்தில் சாயும் துலாக்கோல் ஆகியவற்றால் ஏழை எளியோர் இழந்தது கொஞ்சமா நஞ்சமா? எனவேதான் எடைக்கல்லில் வணிகனின் வாக்குறுதி போதாது, அரசின் முத்திரையும் வேண்டும் என்ற முறை பிறந்தது. நாடு முழுமைக்கும் ஒரே அளவை முறையை நிலைநாட்டும் சட்டம் 1956ஆம் ஆண்டு இயற்றப்பட்டது.

இன்று நம் இல்லங்களுக்கும் ஊராட்சி அலுவலகங்களுக்கும் புதியதொரு சரக்கு வந்து சேருகிறது. கண்ணால் காண முடியாத சரக்கு. கையால் தொட்டுப் பார்க்க இயலாத சரக்கு. மயிரிழை போன்ற கண்ணாடி இழையின் வழியே ஒளியாக ஓடிவரும் செய்தி! மாதந்தோறும் பணம் கட்டி வாங்குகிறோம். ஆனால், அதனை அளப்பவன் யார்? பெரும்பாலும் விற்பவனே அளக்கிறான், விற்பவனே அறிவிக்கிறான், விற்பவனே “எங்களுடையதே முதல்தரம்” என்று முரசும் கொட்டுகிறான். வாங்குபவன் கையில் மரக்கால் இல்லை!

இது பொறியாளர்கள் பேசித் தீர்க்க வேண்டிய சங்கதியாயிற்றே, அரசியல் ஏட்டில் இதற்கென்ன இடம் என்று கேட்கும் நண்பர்கள் இருக்கக்கூடும். மாணவன் விண்ணப்பம் அனுப்புவதும், உழவன் பட்டா நகல் பெறுவதும், முதியவர் ஓய்வூதியம் பெறுவதும், ரேஷன் கடையில் விரல் ரேகை பதிவதும் இந்த இழையை நம்பி நிற்கும் காலம் இது. இழை அறுந்தால் உரிமை அறுகிறது. இழை தளர்ந்தால் வாழ்வு தளர்கிறது. அரசியல் ஏடு இதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

கண்ணாடியில் ஓடும் ஒளி

இழையின் வரலாறு சுருக்கமானது, ஆனால் பெருமைக்குரியது. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, வளைந்த கண்ணாடி இழைகளின் வழியே உருவத்தைக் கடத்த முடியும் என்பதை 1954ஆம் ஆண்டு ஹாப்கின்ஸ் என்னும் அறிஞருடன் சேர்ந்து உலகுக்கு எடுத்துக்காட்டினார். 1966ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் ஆய்வு நடத்திய சார்லஸ் காவோ, தம் தோழர் ஹாக்கமுடன் இணைந்து ஓர் உண்மையை வெளியிட்டார்: ஒளி இழையில் மங்கிப்போவதற்குக் காரணம் கண்ணாடியின் இயல்பன்று, அதிலுள்ள மாசே என்பது அது. மாசை அகற்றுங்கள், ஒளி நெடுந்தொலைவு செல்லும் என்றார். 1970இல் கார்னிங் நிறுவனத்து அறிஞர்கள் அதனைச் செய்து காட்டினர். 2009இல் காவோவுக்கு நோபல் பரிசு வந்து சேர்ந்தது.

அத்தகைய தூய கண்ணாடியில் ஒளி ஒரு வினாடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. இந்த வேகம் மந்திரியின் வீட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் ஒன்றே! இயற்கை வேற்றுமை பாராட்டவில்லை. அப்படியிருக்க, ஓர் ஊரில் திரைப்படம் தடையின்றி ஓடுவதும், அடுத்த ஊரில் ஒரு விண்ணப்பப் படிவம் திறக்க அரைமணி ஆவதும் ஏன்? வேற்றுமையைப் புகுத்தியவர்கள் மனிதர்கள். எத்தனை பேருக்கு ஓர் இழை, எந்த வழியில் வடம், அறுந்தால் மாற்றுவழி உண்டா, வீடு வரை கண்ணாடியா அல்லது பாதி வழியில் செம்பா என்பவற்றை முடிவு செய்பவர்கள் மனிதர்கள். முடிவு செய்வோர் யார் என்பதுதானே அரசியல்!

“வரை” என்னும் ஈரெழுத்து

“100 மெகாபிட் வரை!” என்று விளம்பரம் அலறுகிறது. அந்த “வரை” என்ற ஈரெழுத்தில்தான் வித்தை முழுவதும் ஒளிந்திருக்கிறது. பத்து வந்தாலும் நூறு “வரை”தான். ஒன்று வந்தாலும் நூறு “வரை”தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

கணக்கைப் பார்ப்போம். வீடுகளுக்கு இழை தரும் முறைகளில் மிகப் பரவலான ஜிபான் என்னும் முறையில், தலைமை நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழையில் வினாடிக்குச் சுமார் 2,488 மெகாபிட் இறங்கி வருகிறது. நடுவழியில் ஒரு பிரிப்பான் அதனை 32 வீடுகளுக்குப் பங்கிடுகிறது. எல்லா வீட்டாரும் ஒரே வேளையில் முழுமூச்சாகப் பயன்படுத்தினால், வீட்டுக்குச் சுமார் 77 மெகாபிட். 64 வீடுகளுக்குப் பிரித்தால், சுமார் 38 மட்டுமே. மேலேறிச் செல்லும் வழியோ இதில் பாதி. எல்லாரும் ஒரே நொடியில் பயன்படுத்துவதில்லை ஆதலால், நடைமுறையில் இந்தப் பங்கீடு குற்றமன்று. கிணற்று நீரைத் தெருவார் பங்கிட்டுக்கொள்வது போன்றதே. ஆனால், எத்தனை குடும்பத்துக்கு ஒரு கிணறு என்பதைச் சொல்லாமல், “எங்கள் கிணற்றில் கடலளவு நீர்” என்று கூவுவது நேர்மையாகுமா?

ஆகவே, இரண்டு வலையமைப்புகளை ஒப்பிட முனைவோர் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும். இறங்கும் வேகம் என்ன? ஏறும் வேகம் என்ன? எல்லாரும் பயன்படுத்தும் மாலை வேளையில் அவை என்ன ஆகின்றன? கேள்வி சென்று பதில் திரும்ப எவ்வளவு தாமதம்? மாதத்தில் எத்தனை முறை அறுந்தது, எவ்வளவு நேரத்தில் சரிசெய்யப்பட்டது? இந்த ஐந்தில் விளம்பரம் சொல்வது முதலாவதை மட்டுமே. மற்ற நான்கும் மௌனம்!

தாமதம் என்ற அளவையின் அருமையை அந்தமான் மக்கள் அறிவார்கள். 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைக்கும் கடலடி இழைவடம் திறந்து வைக்கப்பட்டது. ஏனைய தீவுகளையும் சேர்த்து நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். அதற்கு முன் அவர்கள் செயற்கைக்கோளையே நம்பியிருந்தனர். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோளுக்குக் கேள்வி ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்க ஏறத்தாழ அரை வினாடி. கடலடி இழையிலோ, சென்னைக்கு வந்து திரும்பும் ஒளிக்கு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கும் தேவையில்லை. “எத்தனை மெகாபிட்?” என்று மட்டும் கேட்பவர் கண்ணுக்கு இந்த வேற்றுமை தென்படவே தென்படாது.

ஆஸ்திரேலியா கற்ற பாடம்

அளவை மக்கள் கையில் இருந்தால் என்ன நேரும், இல்லையேல் என்ன நேரும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைக் காட்டிலும் தெளிவான சான்று கிடையாது.

2009 ஏப்ரலில், அந்நாட்டின் பிரதமர் கெவின் ரட், நாடளாவிய இழை வலையமைப்பை அரசே நிறுவும் என்று அறிவித்தார். மதிப்பீடு 4,300 கோடி ஆஸ்திரேலிய டாலர். நூற்றுக்குத் தொண்ணூறு இல்லங்களுக்கு, வாசல் வரை கண்ணாடி இழை என்பது திட்டம். 2013இல் ஆட்சி மாறியது. “வீடு வரை இழை எதற்கு? தெருமுனைப் பெட்டி வரை இழை போதும். அங்கிருந்து பழைய தொலைபேசியின் செம்புக் கம்பியே பயன்படட்டும். செலவும் குறையும், காலமும் குறையும்” என்றனர் புதிதாக வந்தோர். 2,950 கோடி டாலரில் முடிப்போம் என்பது தேர்தலுக்கு முன் அவர்கள் தந்த கணக்கு.

சிக்கனம் பேசியவர்களை எடுத்த எடுப்பிலேயே குறைகூற வேண்டுவதில்லை. மக்கள் பணம் அது. குறைந்த செலவில் விரைந்து முடியுமானால் வரவேற்க வேண்டியதே. ஆனால் செம்புக்கு ஓர் இயல்பு உண்டு. தெருமுனைப் பெட்டிக்கு அருகிலிருக்கும் வீட்டுக்கு வேகம் கிட்டும். சில நூறு மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு அது சரசரவெனத் தேயும். ஒரே தெரு, ஒரே கட்டணம், ஒரே விளம்பரம். முதல் வீட்டுக்குப் பால், கடைசி வீட்டுக்குத் தண்ணீர்!

இதனைக் கண்டுபிடித்தது எப்படி? அங்குதான் முத்திரையிட்ட மரக்கால் வந்தது. அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம், விருப்பமுள்ள குடும்பங்களின் வீடுகளில் சிறு அளவைப் பெட்டிகளைப் பொருத்தியது. இரவும் பகலும் அவை வேகத்தை அளந்தன; தாமதத்தை அளந்தன; அறுந்த வேளைகளைக் குறித்தன. மாலை 7 மணி முதல் 11 மணி வரையிலான நெரிசல் நேரத்தைத் தனியாகக் கணக்கிட்டன. 2018 மார்ச்சு முதல் நிறுவனங்களின் பெயரோடு அறிக்கைகள் வெளிவரலாயின. எவர் எவ்வளவு தருகிறார் என்பது எல்லார்க்கும் வெளிச்சம்! அதற்கு முன்பே, 2017 ஆகஸ்டில், “வரை” என்ற சொல்லின் பின் ஒளிவதை விடுத்து, மாலை வேளையில் வழக்கமாகக் கிடைக்கும் வேகத்தையே விளம்பரத்தில் சொல்லுங்கள் என்று ஆணையம் வழிகாட்டு நெறியையும் வகுத்தது.

பயன் என்ன? 2017 நவம்பரில், அந்நாட்டின் மிகப் பெரிய நிறுவனமாகிய டெல்ஸ்ட்ரா, சொன்ன வேகம் கிட்டவே வழியில்லாத சுமார் 42,000 வாடிக்கையாளர்க்கு ஈடு செய்ய ஒப்புக்கொண்டது. வேறு நிறுவனங்களும் அவ்வழியே வந்தன. சிக்கனத் திட்டத்தின் செலவோ, 2020 வாக்கில் 5,000 கோடி டாலரைத் தாண்டி நின்றது. அதே 2020 செப்டம்பரில், செம்பை ஆதரித்த அதே அணியின் அரசாங்கமே, சுமார் 20 இலட்சம் இல்லங்களுக்கு வாசல் வரை இழை கொண்டுசெல்ல 350 கோடி டாலர் ஒதுக்கியது! 2022இல் அடுத்து வந்த ஆட்சி மேலும் 15 இலட்சம் இல்லங்களுக்கு நிதி தந்தது. ஒருமுறை செலவழித்து முடிக்க வேண்டியதை இருமுறை செலவழித்தனர்.

அளவைப் பெட்டிகள் இருந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? “வேகம் போதும்” என்று ஒரு கட்சி சொல்லியிருக்கும். “போதாது” என்று மறு கட்சி சொல்லியிருக்கும். மேடைக்கு மேடை வாய்ப்போர் நடந்திருக்கும். எண்கள் பொதுச் சொத்தானபோது வாதம் முடிவுக்கு வந்தது.

மின்வாரியம் செய்த விந்தை

அமெரிக்க நாட்டின் டென்னசி மாநிலத்தில் சட்டனூகா என்றொரு நடுத்தர நகரம். மக்கள் தொகை சற்றேறக்குறைய 1 இலட்சத்து 80 ஆயிரம். அங்கு மின்சாரம் வழங்குவது நகரத்துக்குச் சொந்தமான வாரியம். மின்வழியில் கோளாறு எங்கே என்பதை உடனே அறியவும், அறுந்த பகுதியை ஒதுக்கிவிட்டு மாற்றுவழியில் மின்சாரம் அனுப்பவும் இழைவடம் வேண்டும் என்று அவ்வாரியம் கருதியது. இழை வீடுகளின் வாசல் வரை வந்துவிட்டபின், இணைய இணைப்பையும் ஏன் தரக்கூடாது? தனியார் கேபிள் நிறுவனங்கள் பதறின, வழக்குமன்றம் ஏறின. வாரியம் தளரவில்லை. மத்திய அரசின் 11 கோடி டாலருக்கு மேற்பட்ட மானியமும் கைகொடுத்தது. 2010ஆம் ஆண்டு, தன் எல்லைக்குட்பட்ட எல்லா வீட்டுக்கும், எல்லாக் கடைக்கும் வினாடிக்கு 1,000 மெகாபிட் தர முன்வந்தது. ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் சமம்! 2020ஆம் ஆண்டு பெருந்தொற்று பள்ளிகளை மூடியபோது, வசதியற்ற குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 28,000 மாணவர்க்குக் கட்டணமின்றி இணைப்பு வழங்கும் திட்டத்திற்கு அந்த இழையே அடிப்படையாயிற்று.

எல்லையைத் தாண்டி அண்டைச் சிற்றூர்களுக்கும் வழங்க வாரியம் விரும்பியது. மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது. 2015இல் நடுவண் தொலைத்தொடர்பு ஆணையம் அத்தடையை நீக்க முயன்றது. 2016 ஆகஸ்டில் மேல்முறையீட்டு மன்றம் அம்முயற்சியைத் தள்ளிவிட்டது. இழைக்கு வலிமை இருந்தது. வாரியத்துக்கு விருப்பம் இருந்தது. அண்டை ஊரார்க்குத் தேவை இருந்தது. சட்டம் ஒன்றுதான் வழிவிடவில்லை!

“பொதுத்துறை என்றாலே வெற்றிதானோ?” என்று மாற்றார் கேட்பர். இல்லை; உண்மையை மறைப்பது நமக்கு அழகன்று. அதே நாட்டில், யூட்டா மாநிலத்துப் பிரோவோ நகரமும் சொந்தமாக இழைவலை அமைத்தது. வருவாய் போதவில்லை, கடன் சுமை ஏறியது. 2013ஆம் ஆண்டு அந்த வலையமைப்பை ஒரே ஒரு டாலருக்குக் கூகுள் நிறுவனத்திடம் ஒப்படைத்தனர். கடனோ மக்கள் தலையில்! எனவே, உடைமை யாருடையது என்ற கேள்வியோடு, நடத்துவது எப்படி, அளப்பது யார், கணக்குக் கேட்பது யார் என்ற கேள்விகளும் சேர்ந்தே எழ வேண்டும். பொதுவுடைமை கண்காணிப்பை இழந்தால் மேய்ப்பனற்ற மந்தையாகும். தனியுடைமை கண்காணிப்பை இழந்தால் வேலியற்ற விளைநிலமாகும்.

நம் ஊராட்சிகளின் நிலை

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2011 அக்டோபரில் இந்திய அரசு தேசிய கண்ணாடி இழை வலையமைப்புக்கு ஒப்புதல் தந்தது. சுமார் 2.5 இலட்சம் ஊராட்சிகளுக்கும் இழை. ஊராட்சிக்கு 100 மெகாபிட். மதிப்பீடு சுமார் 20,000 கோடி ரூபாய். பின்னர் அது பாரத்நெட் என்று பெயர் பெற்றது. முதற்கட்டமான ஒரு இலட்சம் ஊராட்சிகள் என்ற இலக்கை எட்டவே 2017 டிசம்பர் ஆயிற்று. 2023 ஆகஸ்டில், திருத்தப்பட்ட திட்டத்துக்கு 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் வந்தது.

திருத்தம் ஏன் தேவைப்பட்டது என்பதில்தான் பாடம் இருக்கிறது. முதலில் வடம் போட்ட முறை, ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து கிளை பிரியும் நேர்வழி. நடுவில் ஓரிடத்தில் மண்வாரி எந்திரம் வடத்தை அறுத்துவிட்டால், அதற்கப்பால் உள்ள ஊர்கள் அத்தனையும் இருளில்! புதிய முறையோ வளையம். ஒருபுறம் அறுந்தால், செய்தி மறுபுறம் சுற்றி வந்துசேரும். இந்த வேற்றுமை “இத்தனை கிலோமீட்டர் வடம் புதைத்தோம்” என்ற கணக்கில் தெரியுமா? “இத்தனை ஊராட்சிகள் தயார்” என்ற பட்டியலில் தெரியுமா? புதைத்த வடத்தின் நீளம் செலவின் அளவை. ஓடும் ஒளியே பயனின் அளவை. முன்னதை ஆண்டுதோறும் கேட்கிறோம். பின்னதை யாரிடம் கேட்பது?

“அகன்ற அலைவரிசை” என்ற பெயருக்கே நம் நாட்டில் இலக்கணம் எப்படி இருந்தது, எண்ணிப் பாருங்கள். 2004இல் 256 கிலோபிட். 2013இல் 512 கிலோபிட். 2023இல்தான் 2 மெகாபிட். சட்டனூகா 1,000 மெகாபிட் தந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர்! தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தரத்துக்கு விதிகள் வகுத்திருக்கிறது. 2024இல் அவற்றைப் புதுப்பித்தும் இருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால், விதி என்பது மரக்காலின் ஓவியம். மரக்கால் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். ஆஸ்திரேலியாவைப் போல் வட்டந்தோறும் சில வீடுகளில், ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் அளவைப் பெட்டி. நிறுவனத்தின் பெயரோடு மாதந்தோறும் அறிக்கை. தமிழில், எளிய மொழியில், ஊராட்சிப் பலகையில்! இதற்கு ஆகும் செலவு, வடம் புதைக்கும் செலவில் உமியளவு.

“கைப்பேசி இருக்கிறதே, கோபுரம் இருக்கிறதே, இழை எதற்கு?” என்பாரும் உளர். கோபுரத்தின் காலடியைத் தோண்டிப் பார்த்தால் அங்கும் இழையே நல்ல துணை! கோபுரத்திலிருந்து கைப்பேசிக்குச் செய்தி காற்றில் பறக்கலாம்; கோபுரத்துக்கு அது பெருக்கெடுத்து வரும் வழி கண்ணாடிதான்.

தோழர்கள் செய்ய வேண்டியது

நமது பணி என்ன? நாளையே தொடங்கக்கூடியது. ஊராட்சி அலுவலகத்தில், நூலகத்தில், பள்ளியில் இழை வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் ஒளி ஓடுகிறதா என்று கேளுங்கள். காலை ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை வேகத்தை அளந்து, ஒரு குறிப்பேட்டில் நாள் தவறாமல் எழுதுங்கள். அறுந்த நாளையும், சரியான நாளையும் குறியுங்கள். ஆளுங்கட்சி ஊராட்சியா, எதிர்க்கட்சி ஊராட்சியா என்று பாராதீர்கள். எண்ணுக்குக் கட்சி கிடையாது. நமக்குச் சாதகமான எண்ணை மட்டும் எழுதினால், நாமும் கள்ள மரக்கால் பிடித்தவர்களாவோம்! மூன்று மாதக் குறிப்பேட்டைக் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். அளவைப் பெட்டி வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றுங்கள்.

ஓர் ஊராட்சியின் குறிப்பேடு ஒரு முணுமுணுப்பு. ஓர் ஒன்றியத்தின் குறிப்பேடுகள் ஒரு குரல். தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளின் குறிப்பேடுகளும் ஒன்று சேர்ந்தால், அதனைக் கேளாதிருக்கக்கூடிய செவி எந்தக் கோட்டையிலும் இல்லை.

ஒளி எல்லார்க்கும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. அதனைக் கடைசி வீட்டுக்கும் அதே வேகத்தில் கொண்டுசெல்வது ஆட்சியின் கடமை. கொண்டுசென்றதா என்று அளந்து பார்ப்பது மக்களின் உரிமை. அந்த மரக்காலை நாம் கையில் எடுப்போம்!